பழைய பியானோ வாங்குகிறீர்களா? பாலிஷைப் பார்த்து மயங்காதீர்கள்

குழந்தை கீபோர்டில் ஓரளவு வாசிக்கப் பழகியதும், சரி, செகண்ட்ஹேண்டில் ஒரு நல்ல பியானோ பார்க்கலாம் என்று இறங்குகிற சென்னைப் பெற்றோர்கள் பெரும்பாலும் பளபளக்கும் கறுப்புப் பாலிஷையும் மூடிமேல் இருக்கும் ஜப்பான் பிராண்டு பெயரையும் பார்த்து அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது உள்ளே இருக்கிறது.

ஒரு பியானோவுக்குள் சுமார் 230 கம்பிகள். அத்தனையும் சேர்ந்து இழுக்கும் விசை 15 டன்னைத் தாண்டும். அந்தக் கம்பிகளைச் சுருதியில் நிறுத்துபவை ஒரு மரப்பலகைக்குள் அடித்து இறக்கிய டியூனிங் பின்கள்தான். மழைக்காலத்து ஈரத்தில் ஊதி, ஏசி காற்றில் சுருங்கி, பல வருடம் இப்படியே போனால் பலகையின் பிடி தளர்ந்துவிடும். அப்புறம் இன்று டியூன் செய்தால் அடுத்த மாதமே சுருதி இறங்கிவிடும், அதைச் சரிசெய்ய ஆகும் செலவு வாங்கிய விலையையே மிஞ்சலாம். இதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. அதனால் பணம் கொடுப்பதற்கு முன்பே, விற்பவருக்குச் சம்பந்தமில்லாத ஒரு டியூனரை அழைத்துப் போங்கள். பின்கள் இறுக்கமாக இருக்கின்றனவா, கம்பி அறாமல் சுருதியை 440 ஹெர்ட்ஸுக்கு (நடு A ஸ்வரத்துக்கான பொது அளவு) ஏற்ற முடியுமா என்று கேளுங்கள். அவருக்குக் கொடுக்கும் ஃபீஸில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

டார்ச் அடித்து நீங்களும் பாருங்கள். பெசன்ட் நகர், சாந்தோம் மாதிரி கடலோர வீட்டில் இருந்த பியானோ என்றால் கம்பியில் துரு ஏறியிருக்கும். பெடலுக்கு மேலே உள்ள கீழ்ப்பலகையைக் கழற்றினால் கரையான் மண்கோடு, எலிப்புழுக்கை, பூச்சி அரித்த ஃபெல்ட் (தடித்த கம்பளித் துணி) எல்லாம் தெரிந்துவிடும். பிறகு 88 கீயையும் ஒவ்வொன்றாக, முதலில் மெதுவாகவும் அப்புறம் வேகமாகவும் அழுத்துங்கள். அழுத்தியது திரும்ப எழாமல் சோம்பினால், வாசிக்கிற குழந்தை தன் விரலில்தான் குறை என்று நினைத்துக்கொள்ளும். எனக்கு இதுதான் மிகவும் வருத்தமான விஷயம்.

“சும்மாவே எடுத்துக்கோங்க” என்று யாராவது சொன்னாலும் இதே சோதனைதான். நிமிர்ந்த (அப்ரைட்) பியானோவே பெரும்பாலும் 200 கிலோவுக்கு மேல் இருக்கும், அதனால் லிஃப்ட் அளவு, மாடிப்படித் திருப்பம் எல்லாம் முன்கூட்டியே அளந்து வையுங்கள். பியானோ தூக்கிப் பழகிய ஆட்களைத்தான் கூப்பிட வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் ஏசிக்கு நேர் கீழேயோ, வெயில் விழும் ஜன்னலோரத்திலோ, குளியலறைச் சுவரை ஒட்டியோ வைக்காதீர்கள். அறையின் ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. சென்னையில் அது எப்போதும் முடியாது, ஆனால் ஏறி இறங்கும் அளவையாவது குறைக்கலாம். வந்த அன்றே டியூன் செய்வதும் வீண். மரம் புது அறைக்குப் பழக இரண்டு மூன்று வாரம் விட்டு, பிறகு டியூனரைக் கூப்பிடுங்கள். அதன்பின் வருடத்துக்கு இரண்டு முறை.

இன்னொன்று, பெஞ்ச். பெரியவர்களுக்கான உயரத்தில் உட்கார்ந்தால் ஏழு வயதுக் குழந்தைக்குக் கால் அந்தரத்தில் ஆடும், உடம்பு நிலைகொள்ளாது, தோள் தூக்கிக்கொள்ளும். உயரம் மாற்றக்கூடிய பெஞ்ச் வாங்கி, முழங்கை கீ மட்டத்துக்கு வரும்படி வைத்து, காலுக்கடியில் ஒரு உறுதியான மணை போட்டுவிடுங்கள்.