ஒரே கல் பொடி, நாலு லேப்: மக்னீசியம் ஆக்சைடைச் சரிபார்ப்பது எப்படி?

பர்கூர் பக்கத்து டோலரைட்டை, அதாவது வியாபாரத்தில் பிளாக் கிரானைட் என்கிறோமே அதை, நாலு லேபுக்கு அனுப்பினால் மக்னீசியம் ஆக்சைடு நாலு விதமாக வரும். சண்டைக்குப் போகுமுன், விடை தெரிந்த பொடி ஒன்றையும் பெயர் சொல்லாமல் பார்சலில் சேர்த்துவிடுங்கள். நான் அனுப்புவது அமெரிக்க நிலவியல் அளவைத் துறையின் பிஎச்விஓ-2, ஹவாய் பசால்ட். சான்றளித்த மதிப்பு 7.23 சதவீதம். சேர்மானத்தில் டோலரைட்டை ஒத்த பொடிதான் வேண்டும்; நிஜக் கிரானைட் பொடியை வைத்து டோலரைட் லேபைச் சோதிப்பதில் பிரயோஜனமில்லை.

105 டிகிரியில் உலர்த்தி எடை போடச் சொல்லுங்கள். முடிவு வெறும் மக்னீசியமாக வந்தால், ஆக்சைடாக மாற்ற 1.658-ஆல் பெருக்குங்கள்.

அடுத்து, எந்த முறை என்று கேளுங்கள். எக்ஸ்ஆர்எஃப் (எக்ஸ் கதிர் பாய்ச்சி, திரும்பி வரும் கதிரை அளக்கும் முறை) என்றால் லித்தியம் போரேட்டில் உருக்கிய வில்லைதான் வேண்டும். மக்னீசியத்தின் எக்ஸ் கதிர் வலுவில்லாதது, மேலே சில மைக்ரான் ஆழத்திலிருந்துதான் வெளிவரும். அழுத்திய வில்லையில் பொடி கொரகொரப்பாக இருந்தால் போச்சு. ஏஏஎஸ் (கரைசலைச் சுடரில் தெளித்து, அணுக்கள் உறிஞ்சும் ஒளியை அளக்கும் முறை) என்றால் லாந்தனம் சேர்த்தார்களா? இல்லையேல் அலுமினியம் குறுக்கிட்டு மக்னீசியத்தின் அளவைக் குறைத்துக் காட்டும். ஈடிடிஏ டைட்ரேஷன்தான் (ஈடிடிஏ கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறுவதை வைத்து அளப்பது) எனக்குப் பயம். கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்த மொத்தத்தில் கால்சியத்தைக் கழித்து மக்னீசியம் எடுப்பதால் இரண்டு பிழையும் அதன் தலையில் விழும். முடிவில் கரைசலின் ஒயின் சிவப்பு போய்ச் சுத்த நீலம் வரவேண்டும். ஊதாவிலேயே பியூரெட்டை மூடுகிறவர்கள் உண்டு.

பசால்ட்டுக்கு லேப் தந்த எண் 7.23-லிருந்து எவ்வளவு விலகல் என்று பார்த்து 0.21-ஆல் வகுங்கள், லேபுக்கு லேப் எவ்வளவு வித்தியாசம் எதிர்பார்க்கலாம் என்று சொல்லும் ஹார்விட்ஸ் சூத்திரம் இந்த அளவுக்குத் தருவது அதுதான். 2-க்குள் இருந்தால் சரி, 3 தாண்டினால் திரும்பச் செய்யச் சொல்லுங்கள். பசால்ட்டில் எல்லோரும் ஒத்துப்போய், உங்கள் கல்லில் மட்டும் பிரிந்தால் லேபைத் திட்டாதீர்கள். பொடியைப் பங்கு போட்ட இடத்தைப் பாருங்கள்.