மீன் தோல் தோசைக்கல்லில் ஒட்டாமல் இருக்க

காசிமேட்டிலோ பட்டினப்பாக்கத்திலோ சங்கரா வாங்கினால் தோலை உரிக்கச் சொல்லாதீர்கள். வறுவலின் ருசியே அதில்தான்.

மீனின் மேல்தோல் மிக மெல்லியது. அதிலுள்ள செல்கள் சுரக்கும் வழவழப்புதான் உயிரோடிருக்கும் மீனைக் கிருமிகளிடமிருந்து காக்கிறது, நீரில் வழுக்கிப் போகவும் உதவுகிறது. மீன் செத்த பிறகு கிருமிகள் அதிலேயே பெருகி வாடையைக் கிளப்பும். அதனால் கல் உப்பு ஒரு கைப்பிடி போட்டுத் தேய்த்துப் பச்சைத் தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசுங்கள். வெந்நீர் வேண்டாம், தோல் வெந்து பிய்ந்துவிடும். கெளுத்திக்குச் செதிலே கிடையாது, வழவழப்பு மட்டும் ஏராளம். அதற்கு உப்போடு புளியும் சேர்த்துத் தேய்க்க வேண்டும்.

செதிலின் வேர் உள்தோலில் இருக்கிறது, நுனி வாலைப் பார்த்து மடிந்திருக்கும். வாலிலிருந்து தலைப்பக்கமாகச் சுரண்டினால்தான் எழும்பி வரும்.

உள்தோல் முழுக்கக் கொலாஜன் என்ற புரத நார். சூடு பட்டதும் அது சுருங்கி மீனை வளைத்துவிடும். முழு மீனானால் இரண்டு பக்கமும் விரல் அகல இடைவெளியில், சதை லேசாகத் தெரியும் அளவுக்குக் கீறுங்கள்.

ஒட்டுவதற்குப் பெரும்பாலும் ஈரம்தான் காரணம். மசாலா தடவும் முன் துணியால் ஒற்றி எடுங்கள். மசாலாவில் ஒரு ஸ்பூன் அரிசி மாவு சேர்க்கலாம். எண்ணெய் நன்றாகக் காய்ந்த பிறகே மீனை வைத்து, மிதமான தீயில் 4 நிமிடமாவது தொடாமல் விடுங்கள். தோல் மொறுமொறுத்ததும் தானாகவே கல்லை விடும். அதற்கு முன் கரண்டியை நுழைத்தால் தோல் கல்லோடுதான் இருக்கும்.