நினைவாற்றல் ஸ்கேனில் ஒட்டிக்கொள்ளும் ரெக்ரஸர்கள்

ஒரு முகத்தைக் காட்டுகிறோம், 4 விநாடி காக்க வைக்கிறோம், பிறகு "இதே முகமா?" என்று கேட்கிறோம். நமக்கு இவை மூன்று கட்டங்கள். ஆனால் எஃப்எம்ஆர்ஐ (மூளையின் இயக்கத்தை இரத்த ஓட்ட மாற்றத்தின் வழியே காட்டும் ஸ்கேன்) சிக்னல் உச்சத்தைத் தொடவே 5, 6 விநாடி ஆகும். அடங்க இன்னும் பல விநாடி. அதனால் மூன்று ரெக்ரஸர்களும் (ஒவ்வொரு கட்டத்துக்கும் நாம் எதிர்பார்க்கும் சிக்னல் வளைவுகள்) ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். இரண்டு ரெக்ரஸர்களுக்கிடையே ஒட்டுறவு (correlation) 0.9 என்றால் விஐஎஃப் (ஒட்டுறவால் மதிப்பீட்டின் மாறுபாடு எத்தனை மடங்காகிறது என்ற அளவு) சுமார் 5.3, பீட்டாவின் (அந்தக் கட்டத்தின் பங்காக மதிப்பிடும் எண்ணின்) திட்டப்பிழை 2.3 மடங்காக வீங்கிவிடும்.

ஆகவே ஆட்களை ஸ்கேனரில் படுக்க வைப்பதற்கு முன்பே டிசைன் மேட்ரிக்ஸை (எல்லா ரெக்ரஸர்களையும் அடுக்கிய அட்டவணையை) உருவாக்கி விஐஎஃப் பார்த்துவிடுங்கள். தயவுசெய்து இதைத் தள்ளிப்போடாதீர்கள். காத்திருப்பு நேரத்தை 2 முதல் 12 விநாடி வரை மாற்றி மாற்றிக் கலந்து போடுங்கள். சில சுற்றுகளை முகம் காட்டியதோடு நிறுத்திவிடுவதும் நன்றாக உதவும். எது பாதியில் நிற்கும் என்று பங்கேற்பாளருக்கு முன்கூட்டியே தெரியக் கூடாது, அவ்வளவுதான்.

தரவு ஏற்கெனவே கையில் இருக்கிறதா? ஒரு ரெக்ரஸரை மற்றொன்றுக்குச் செங்குத்தாக்கித் (இரண்டுக்கும் பொதுவான பங்கை அதிலிருந்து கழித்துவிட்டு) தப்பிக்கப் பார்க்காதீர்கள். இரண்டாவதைச் செங்குத்தாக்கினால் அதன் பீட்டா மாறவே மாறாது; பொதுவான பங்கு முழுவதும் முதலாவதன் கணக்கில் போய்ச் சேரும். எஸ்பிஎம் என்ற ஸ்கேன் பகுப்பாய்வு மென்பொருளில் பாராமெட்ரிக் மாடுலேட்டர்களுக்கு (சுற்றுக்குச் சுற்று மாறும் ஓர் அளவைக் குறிக்கும் கூடுதல் ரெக்ரஸர்களுக்கு) இது இயல்பாகவே நடக்கும், எஸ்பிஎம் 12-இல் அணைத்து வைக்கலாம். தனித்தனி பீட்டாக்கள் தள்ளாடினாலும், நேர் ஒட்டுறவுள்ள இரண்டின் கூட்டுத்தொகை உறுதியாக நிற்கும். "மனனமும் (முகத்தைப் பார்த்து மனதில் பதிப்பதும்) காத்திருப்பும் சேர்ந்து எவ்வளவு?" என்ற கேள்விக்கு அந்தத் தரவிலேயே பதில் உண்டு.