பிறர் தயவில் சைக்கிள் பயணம்: தருமபுரி, கிருஷ்ணகிரி வழியே செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விடுதி முன்பதிவு எதுவும் செய்யாமல், கிடைத்த இடத்தில் படுத்து, கொடுத்ததை உண்டு, தனியாக நெடுந்தூரம் சைக்கிளில் செல்ல விரும்புவோர் பெரும்பாலும் வண்டியைப் பற்றியும் வரைபடத்தைப் பற்றியுமே கவலைப்படுகிறார்கள். தம்மைத் திண்ணையில் படுக்க விடப்போகிறவரைப் பற்றி நினைப்பவர்கள் குறைவு. முன்பின் அறியாத ஒருவருக்கு இடம் கொடுப்பவர் தம் வீட்டாருக்கும் தெருவுக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டவராகிறார். அவருக்கு நம்மால் நேரக்கூடிய சங்கடத்தை எண்ணிப் பார்த்தாலே, எவை தவறுகள் என்பது தானாக விளங்கிவிடும்.

இருட்டிய பிறகு இடம் கேட்பது அவற்றுள் தலையாயது. இன்னும் பத்துக் கிலோமீட்டர் போய்விடலாம் என்ற ஆசையில் மிதித்துக்கொண்டே போய், இரவு எட்டு மணிக்கு மேல் ஒரு சிற்றூருக்குள் நுழைந்தால், முதலில் வரவேற்பவை நாய்கள். அடுத்து எதிர்ப்படும் மனிதர் டார்ச்சை நம் முகத்தில் அடித்துத்தான் பேசத் தொடங்குவார். மார்கழியில் ஆறு மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். ஆகவே மாலை நான்கரை மணிக்கெல்லாம் நிறுத்திவிட வேண்டும். நேராகப் போய் இடம் கேட்பதைவிட, டீக்கடையில் ஒரு டீ வாங்கிக் காசு கொடுத்துவிட்டு, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பது மேல். கேரியரில் கட்டியிருக்கும் மூட்டையை முதலில் பார்ப்பார்கள், பிறகு முகத்தைப் பார்ப்பார்கள், பிறகு "எந்த ஊருங்க?" என்பார்கள். "எங்க போறீங்க?" என்பது அடுத்தது. மூன்றாவதாக வரும் "ஏன், பஸ்ஸுல போலாமே?" என்பதுதான் உண்மையான விசாரணை. அதற்கு உலக சமாதானம், சுயதேடல் என்றெல்லாம் விரித்துப் பேசினால் சந்தேகம்தான் வளரும். "சைக்கிள்ல ஊரு பாக்கணும்னு ஆசைங்க" என்ற ஒற்றை வரி போதும். ஆசைக்காக ஒருவர் கஷ்டப்படுவது எல்லோருக்கும் புரியும்.

இடம் கேட்பதையும் அந்தப் பொது இடத்திலேயே, நாலு பேர் கேட்கும்படி செய்ய வேண்டும். தனி வீட்டுக் கதவைத் தட்டினால், குறிப்பாக ஆண்கள் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் தட்டினால், உள்ளே இருப்பவர் மறுக்கவும் முடியாமல் ஏற்கவும் முடியாமல் தவிப்பார். டீக்கடையில் கேட்டால் கோயில் மண்டபமா, பள்ளிக்கூட வராந்தாவா, பால் சொசைட்டித் திண்ணையா என்று ஊரே பேசி முடிவு செய்யும். பொறுப்பும் ஒருவர் தலையில் விழாது. ஆதார் அட்டையைக் கேட்கும் முன்பே காட்டுவதும், வீட்டு எண்ணுக்கு அழைத்து அவர்களையே பேசச் சொல்வதும் மரியாதைக் குறைவல்ல.

குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்து நட்புப் பிடிப்பது பலர் அறியாமல் செய்யும் ஆபத்தான காரியம். 2018 மே மாதத்தில், பக்கத்து மாவட்டமான திருவண்ணாமலையில் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலைத் தேடி வந்த ஒரு குடும்பம் வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. பிள்ளை பிடிப்பவர்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தி பரவியிருந்த நேரம் அது. கூட்டம் தாக்கியதில் அறுபது வயதைக் கடந்த மூதாட்டி உயிரிழந்தார். வதந்தி எப்போது எந்த ஊரில் ஓடிக்கொண்டிருக்கும் என்பது வழிப்போக்கருக்குத் தெரியாது. பெரியவர்களிடம் கேட்காமல் பிள்ளைகளைப் படம் எடுப்பதும் இதே வகைதான்.

வழியைத் தேர்ந்தெடுப்பதில் நேரும் பிழை, ஓசூரில் ஏறி கிருஷ்ணகிரி, தருமபுரி வழியாகச் சேலம் வரை தேசிய நெடுஞ்சாலை 44-ஐ விட்டு இறங்காமலே போவது. அங்கே கண்ணில் படுபவை பெட்ரோல் பங்குகளும் பெரிய ஓட்டல்களும். நின்று விசாரிக்க யாருக்கும் நேரம் இருக்காது. மத்தூர், ஊத்தங்கரை, அரூர்ப் பக்கச் சாலைகள் சுற்றுதான், ஆனால் அங்கே ஊர்கள் சாலையைப் பார்த்து உட்கார்ந்திருக்கின்றன. நெடுஞ்சாலையிலேயே போவதானால், தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் தொப்பூர்க் கணவாயைப் பகலில், இடையிடையே நிறுத்தித்தான் கடக்க வேண்டும். நீண்ட இறக்கத்தில் சுமையேற்றிய சைக்கிளின் ரிம் பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கும். பின்னால் வரும் லாரிக்கும் அதே சிக்கல் இருக்கக்கூடும் என்பதை மறக்கலாகாது.

காட்டு வழியில் கூடாரம் அடிப்பது தனியாகச் சொல்ல வேண்டிய தவறு. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, ஒகேனக்கல் பக்கக் காடுகளில் பெரும்பகுதி 2014-இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு, 2022-இல் அறிவிக்கப்பட்ட காவிரி தெற்கு ஆகிய வனவிலங்கு சரணாலயங்களுக்குள் அடங்கும். பொதுச் சாலையில் கடந்து போகலாம். அனுமதியின்றி உள்ளே நுழைவதும் தங்குவதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சட்டத்தை விடப் பெரிய காரணம் யானை. கேழ்வரகு கதிர் முற்றும் பருவத்தில் கர்நாடகத்தின் பன்னேர்கட்டாக் காட்டிலிருந்து தளி, ஜவளகிரி வழியாக ஓசூரை அடுத்த சானமாவு வரை யானைக் கூட்டங்கள் வருவது வழக்கம். அந்த நாள்களில் உழவர்கள் இரவெல்லாம் விழித்து வயலைக் காக்கிறார்கள். வயலோரம் மறைவாகப் படுத்திருப்பவர் தம் உயிரைப் பணயம் வைப்பதோடு, காவலிருப்பவர்களுக்கும் இன்னொரு கவலையைச் சேர்க்கிறார். அஞ்செட்டிச் சாலையில் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் எவராவது "இனிமே போகாதீங்க" என்றால் அதற்கு மேல் கேள்வி கேட்காமல் நின்றுவிட வேண்டும். அந்தப் பக்கம் தெலுங்கோ கன்னடமோ வீட்டு மொழியாக இருக்கும் ஊர்கள் உண்டு. நாலு சொல் தெரிந்திருந்தால் முகங்கள் சட்டென்று மலர்ந்துவிடும்.

உண்ணும் இடத்தில் நடக்கும் தவறுகள் சிறியவை, ஆனால் மனத்தில் தங்குபவை. இரவில் பல வீடுகளில் களிதான். கை நனைத்து உருட்டிய சூடான உருண்டையைத் தட்டில் வைத்து, நடுவில் குழித்து, கீரைக் கடைசலையோ கொள்ளுக் குழம்பையோ ஊற்றுவார்கள். விரலால் சிறிது சிறிதாகக் கிள்ளி, குழம்பில் தோய்த்து, மெல்லாமல் விழுங்க வேண்டும். புதியவர்கள் சோறுபோல மென்று, பல்லில் ஒட்டிக்கொண்டதும் முகம் சுளிக்கிறார்கள், "சோறு இல்லீங்களா?" என்று கேட்டுவிடுபவர்களும் உண்டு. கேட்ட பிறகு அந்த வீட்டம்மா அடுப்பை மறுபடி பற்றவைக்காமல் இருக்க மாட்டார். தண்ணீருக்கும் இதையே சொல்லலாம். இம்மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. எது ஒகேனக்கல் தண்ணீர், எது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் என்பது அவர்களுக்குத் தெரியும், அதனால் கேட்டுக் குடித்தால் போதும். ஃபுளோரைடின் கேடு ஆண்டுக்கணக்கில் குடிப்பவர்க்கே. ஒருநாள் விருந்தாளி கேன் தண்ணீர் கேட்டு அடம்பிடிக்க வேண்டியதில்லை.

விடைபெறும்போது கையில் பணத்தைத் திணிப்பது அவர்களைச் சிறுமைப்படுத்தும். எதுவுமே தராமல் போவது நமக்கு அழகல்ல. முதல் நாள் மாலையே ஊர்க் கடையில் ஒரு சீப்புப் பழமும் வெற்றிலை பாக்கும் வாங்கி வீட்டுப் பெரியவரிடம் கொடுத்துவிடுவது எளிய வழி. 1977-இல் டெல்லியிலிருந்து சைக்கிளில் கிளம்பி ஸ்வீடன் வரை சென்ற பி. கே. மகாநந்தியா, வழியில் மனிதர்களைப் படமாக வரைந்து கொடுத்தே உணவும் தங்குமிடமும் தேடிக்கொண்டார். அவரளவு கைத்திறன் இல்லாதவரும் போர்வையை மடித்து வைத்து, படுத்த இடத்தைப் பெருக்கிவிட்டுக் கிளம்பலாம். பணமே இல்லாமல் போவது வீரம் என்று நினைப்பவர்களிடம் எனக்கு உடன்பாடில்லை. இரண்டு நாள் சாப்பாட்டுக்கும் ஒரு பஸ் டிக்கெட்டுக்கும் ஆகும் காசைத் தொடாமல் வைத்திருப்பவர்தான் "வேண்டாம், சாப்பிட்டுவிட்டேன்" என்று ஏழை வீட்டில் சொல்ல முடியும்.

சைக்கிளைப் பற்றி ஒன்றுதான். ஊர்ப்புறப் பஞ்சர் கடைகளில் பழைய வால்டியூப் வைத்த சக்கரத்துக்கு எல்லாம் கிடைக்கும். விலையுயர்ந்த சைக்கிள்கள் சிலவற்றில் வரும் மெல்லிய பிரெஸ்டா வால்வுக்கு அங்குள்ள பம்பு பெரும்பாலும் பொருந்தாது. அதற்கான அடாப்டரும் மாற்று டியூப் இரண்டும் கையிலிருக்க வேண்டும், ஏனெனில் சாலையோரச் சீமைக்கருவேல முள் யாரையும் விடாது.

கடைசியாக, ஊர் திரும்பியதும் உதவியவரின் பெயர், படம், செல்பேசி எண், வீட்டு அடையாளம் ஆகியவற்றை நன்றி என்ற பெயரில் சமூக ஊடகத்தில் போடுவது. அவர் இடம் கொடுத்தது கண்ணெதிரே நின்ற ஒருவருக்கு. அந்தப் பதிவைப் பார்த்து அடுத்த மாதம் நான்கு சைக்கிள்கள் அவர் வாசலில் நின்றால், அவர் சங்கடப்பட்டுக் கதவைச் சாத்துவார். அதன் பிறகு அந்தத் தெருவில் எவருக்கும் திண்ணை கிடைக்காது.