மேடும் பள்ளமுமான சாலையில் முதல் 50 கிலோமீட்டர்: ஏரிகள், பழைய கோட்டைகள் வழியே ரோடு சைக்கிள்

சமதளத்தில் 25 கி.மீ. சிரமமின்றி ஓட்டுகிறவர்கள்கூட, மேடும் பள்ளமுமான நாட்டுப்புறச் சாலையில் 15 கி.மீ. தாண்டுவதற்குள் தொடை கடுத்து நின்றுவிடுவதுண்டு. தூரம் அதற்குக் காரணமில்லை. ஒரே நீண்ட மலையேற்றம் என்றால் ஒரு கியரைப் பிடித்துச் சீராக மிதித்துக்கொண்டே போகலாம். இங்கே இரண்டு நிமிடத்துக்கு ஒரு மேடு, உடனே ஓர் இறக்கம், மறுபடி மேடு. ஒவ்வொரு மேட்டிலும் முட்டி மோதி ஏறினால் பத்தாவது மேட்டில் கால் கைவிட்டுவிடும். கியரை எப்போது மாற்றுவது, மேட்டில் எவ்வளவு அடக்கி மிதிப்பது என்ற இரண்டும் பிடிபட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது. மற்றதெல்லாம் பெரும்பாலும் முன்தயாரிப்பு.

படி 1: பாதை போடுவது

வழித்தடச் செயலி காட்டும் மொத்த ஏற்றத்தை மீட்டரில் எடுத்து, தூரத்தின் கிலோமீட்டரால் வகுத்துப் பாருங்கள். விடை 5-க்குக் கீழே என்றால் ஏறக்குறைய சமதளம். 10 வாக்கில் வந்தால் நல்ல ஏற்ற இறக்கம். 15-ஐத் தாண்டினால் முதல் முறைக்கு வேண்டாம். 50 கி.மீ. தூரம், 400 முதல் 500 மீட்டர் ஏற்றம் என்பது புதியவருக்கு நியாயமான அளவு.

சராசரிச் சரிவை நம்பி ஏமாறாதீர்கள். ஒரு கி.மீ. ஏற்றத்துக்குச் சராசரி 4% (நூறு மீட்டருக்கு நாலு மீட்டர் உயர்வு) என்று போட்டிருக்கும். அதில் 800 மீட்டர் வெறும் 2.5%, மிச்சம் 200 மீட்டர் 10% என்று இருந்தாலும் கணக்கு 4% தான். உங்களை நிறுத்தப்போவது அந்த 200 மீட்டர். எனவே வரைபடத்தில் ஒவ்வொரு ஏற்றத்தின் மீதும் விரலை நகர்த்தி, அதிகபட்சச் சரிவைப் பாருங்கள்.

கோட்டை கட்டியவர்கள் உயரத்தைத் தேடினார்கள், தண்ணீர் பள்ளத்தைத் தேடும். ஏரிக்கரையிலிருந்து குன்றுக்கோட்டைக்குப் போகும் சாலை ஏறாமல் இருக்காது. அதிலும் வாசலுக்கு முந்தைய கடைசி ஒரு கி.மீ. தான் பெரும்பாலும் செங்குத்து. அதனால் கோட்டையைப் பயணத்தின் முதல் பாதியில், 15 முதல் 25 கி.மீ.-க்குள் வைத்துவிடுங்கள். ஏரியைக் கடைசிக்கு விடலாம்.

ஏரியை முழுதாகச் சுற்றுவதாக இருந்தால் திசை முக்கியம். இடதுபுறம் ஓட்டும் நாடுகளில் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றுங்கள். ஏரி உங்கள் பக்கத்திலேயே இருக்கும், கரையில் நிற்க வேண்டுமென்றால் எதிரே வரும் வண்டிகளைக் குறுக்கே கடக்க வேண்டாம். ஜப்பானின் பிவா ஏரியைச் சுற்றும் ஏறத்தாழ 200 கி.மீ. பாதையில் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றச் சொல்வது இதனால்தான். வலதுபுறம் ஓட்டும் நாடுகளில் இதைத் திருப்பிக்கொள்ளுங்கள்.

நேரக்கணக்கு: ஏற்ற இறக்கச் சாலையில் புதியவரின் சராசரி மணிக்கு 15 முதல் 17 கி.மீ. என்று வையுங்கள். 50 கி.மீ.-க்கு மிதிக்கும் நேரம் மட்டும் மூன்று முதல் மூன்றரை மணி. இரண்டு நிறுத்தங்களுக்கு ஒரு மணி நேரம், பஞ்சருக்கென அரை மணி நேரம். மொத்தம் ஐந்து மணி நேரம் வெளிச்சம் வேண்டும். நினைவுச்சின்னங்கள் திறக்கும் நேரத்தையும் வார விடுமுறையையும் முந்தைய நாளே பார்த்துவிடுங்கள். மூடிய கதவைப் பார்க்க 10% மேடு ஏறுவது எரிச்சலான வேலை.

படி 2: சைக்கிளைச் சரிபார்ப்பது

முதலில் கியர். முன்னால் 50/34 பற்கள் கொண்ட இரட்டை ரிங் (பெடலோடு சுழலும் பல்சக்கரங்கள்), பின்னால் 11 முதல் 34 பற்கள் வரையிலான கேசட் (பின்சக்கரத்தின் பல்சக்கர அடுக்கு) இருந்தால் போதும். முன் 34, பின் 34 என்று போட்டால் பெடல் ஒரு சுற்று, சக்கரமும் ஒரு சுற்று, ஏறத்தாழ 2.1 மீட்டர் தூரம். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு ஏழரை கி.மீ. பழைய பந்தய சைக்கிள்களில் உள்ள 39-க்கு 25 கியரில் அதே 60 சுற்று மணிக்கு 12 கி.மீ. ஆகிவிடும். 70 கிலோ ஆளும் 10 கிலோ சைக்கிளும் 10% மேட்டில் ஏற, அதே 60 சுற்றில், புவியீர்ப்பை வெல்ல மட்டும் முதலில் சொன்ன 34-க்கு 34 கியரில் 165 வாட் போதும், இரண்டாவதான 39-க்கு 25-இல் 255 வாட்டுக்கு மேல் வேண்டும். புதியவர் முதலாவதைச் சமாளிப்பார், இரண்டாவதில் இறங்கித் தள்ளுவார். பழைய சைக்கிள்தான் கையில் இருக்கிறது என்றால் கேசட்டை மட்டும் பெரிதாக மாற்ற முடியுமா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். கியர் மாற்றி எத்தனை பல் வரை தாங்கும் என்பதற்கு வரம்பு உண்டு.

டயர் 28 மி.மீ. அகலம் நல்லது. கோட்டைப் பக்கம் கல் பாவிய தரையும் சரளையும் வரும் என்பதால் 25-ஐ விட இதுவே என் தேர்வு. 70 கிலோ எடையுள்ளவர் முன்னால் 65, பின்னால் 70 பிஎஸ்ஐ காற்றழுத்தத்தில் தொடங்கி, கைக்கு அதிர்வு அதிகமாக இருந்தால் இரண்டிரண்டாகக் குறைக்கலாம். டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் பெரிய எண் உச்ச வரம்பு, பரிந்துரை அல்ல. ஹுக்லெஸ் ரிம் (டயரைப் பிடிக்கும் கொக்கி விளிம்பு இல்லாதது) என்றால் 5 பார், அதாவது 72 பிஎஸ்ஐயைத் தாண்டவே கூடாது. டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும்.

சீட் உயரத்துக்கு எளிய சோதனை: சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்து, பெடலைக் கீழே கொண்டுவந்து குதிகாலை அதன்மேல் வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியை வைத்தால் முழங்காலில் சிறிய மடிப்பு வரும். இடுப்பு இருபக்கமும் ஆடினால் சீட் உயரம் அதிகம். முழங்காலின் முன்புறம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வாக இருக்கிறது.

பிரேக் லீவரை முழுப் பலத்தோடு அழுத்தினாலும் ஹேண்டில்பாரைத் தொடக்கூடாது. தொட்டால் புறப்படாதீர்கள்.

படி 3: எடுத்துக்கொள்வது

சீட்டுக்கு அடியில் ஒரு சின்னப் பை போதும். டயர் அளவுக்கேற்ற ட்யூப் இரண்டு, டயர் நெம்பி இரண்டு, ஒட்டுப் பெட்டி, கைப்பம்ப், 4, 5, 6 மி.மீ. அறுகோணச் சாவிகள் கொண்ட மல்டிடூல், உங்கள் செயினுக்குப் பொருந்தும் இணைப்புக் கண்ணி ஒன்று. ரிம் ஆழமாக இருந்தால் ட்யூபின் வால்வும் நீளமாக வேண்டும், இதைப் பார்க்காமல் வாங்கினால் வழியில் பம்பு பிடிக்காது. இறக்கத்தில் குளிர் அடிக்கும் இடமென்றால் மடித்தால் சட்டைப்பைக்குள் அடங்கும் காற்றுத்தடுப்பு அங்கி. ஹெல்மெட்டும் பின்விளக்கும் பகலிலும் வேண்டும். மரநிழலுக்குள் நுழையும் சைக்கிள் பின்னால் வரும் ஓட்டுநர் கண்ணுக்குச் சட்டென்று தெரியாது.

படி 4: மேடு

இங்கேதான் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

இறங்கி வந்த வேகத்திலேயே அடுத்த மேட்டைத் தாண்டிவிடலாம் என்று தோன்றும். கணக்கு வேறு சொல்கிறது. மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் உள்ள இயக்க ஆற்றல், உராய்வே இல்லையென்றாலும், உங்களைச் சுமார் 6 மீட்டர் உயரம்தான் தூக்கும். 30 கி.மீ. வேகத்தில் மூன்றரை மீட்டர். மேட்டின் உச்சி அந்த உயரத்துக்குள் இருந்தால் பெரிய ரிங்கிலேயே நாலு மிதி மிதித்துத் தாண்டலாம். 20 மீட்டர் மேடு என்றால் வேகம் கரைந்தபின் மிச்ச உயரமெல்லாம் கால்கணக்கு. அதற்குத் தயாராக வேண்டும்.

எப்படித் தயாராவது? மேட்டின் அடிவாரத்தில், பெடலில் பாரம் ஏறுவதற்கு முன்பே முன் ரிங்கை 50-லிருந்து 34-க்கு இறக்குங்கள். உடனே பெடல் மூன்றில் ஒரு பங்கு இலேசாகி, கால் காற்றில் சுழல்வதுபோல் ஆகும். அதைத் தடுக்க அதே நேரத்தில் பின் கியரை இரண்டு பல்சக்கரம் கடினப்பக்கம் நகர்த்துங்கள். பிறகு மேடு ஏற ஏற, பின் கியரை ஒவ்வொன்றாக எளிதாக்குங்கள். பெடல் சுற்று நிமிடத்துக்கு 70-க்குக் கீழே விழப்போகிறது என்று உணர்ந்ததுமே மாற்றுங்கள், விழுந்தபின் அல்ல.

பாதி மேட்டில் நின்று மிதிக்கும்போது கியர் மாற்றினால் செயின் கரகரக்கும், தாவும், சில நேரம் கழன்றும் விழும். பாரத்தில் இருக்கும் செயின் பல்லைவிட்டு நகர மறுப்பதே காரணம். வேறு வழியில்லாமல் மாற்ற நேர்ந்தால், ஒரு மிதியை மட்டும் அழுத்திக் கொஞ்சம் வேகம் எடுத்து, அடுத்த அரைச்சுற்றில் காலைத் தளர்த்தி அந்த நொடியில் மாற்றுங்கள். செயின் உள்பக்கம் விழுந்துவிட்டால் பதறாமல் மெதுவாகச் சுழற்றிக்கொண்டே முன் கியரைப் பெரிய ரிங்குக்குத் தள்ளிப் பாருங்கள். பல நேரம் அதுவே ஏறிக்கொள்ளும். ஏறாமல் இறுகினால் வலுக்கட்டாயமாக மிதிக்காதீர்கள், ஃபிரேம் கீறும். ஓரமாக இறங்கிக் கையால் மாட்டுங்கள்.

எவ்வளவு அடக்கி மிதிப்பது என்பதற்குக் கருவி வேண்டாம், பேச்சே போதும். சமதளத்தில் முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். மேட்டில் நாலைந்து சொல். ஒரு சொல்லுக்கே மூச்சு முட்டினால் கியரைக் குறையுங்கள், முன்னே போகிறவர் போகட்டும்.

உச்சியில் பெரும்பாலானோர் மிதிப்பதை நிறுத்திவிடுவார்கள். அங்கேதான் இன்னும் பத்து மிதி வேண்டும். வேகம் குறைவாக இருக்கும் இடத்தில் போடும் பலம் அப்படியே வேகமாக மாறும். காற்றை வெல்லத் தேவையான திறனோ (வாட்) வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக உயர்கிறது: வேகம் இரட்டித்தால் எட்டு மடங்கு. ஆகவே இறக்கத்தில் 40-ஐத் தாண்டியபின் மிதிப்பது வீண். உச்சியில் மிதியுங்கள், இறக்கத்தில் குனிந்து ஓய்வெடுங்கள்.

படி 5: இறக்கம்

கைகளை ஹேண்டில்பாரின் கீழ்வளைவில் வையுங்கள். எடை தாழும், பிரேக்குக்கும் நல்ல நெம்பு கிடைக்கும். வளைவுக்கு முன்பே, சைக்கிள் நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்து முடியுங்கள். சாய்ந்தபின் பிரேக்கை இறுக்கினால் டயருக்கு இருக்கும் பிடிப்பு இரண்டு வேலைக்கும் பங்கிடப்பட்டுச் சறுக்கும். வளைவில் வெளிப்பக்கப் பெடல் கீழே, எடை அதன்மேல், பார்வை வளைவு முடியும் இடத்தில். குழியைப் பார்த்துக்கொண்டே போனால் குழிக்குள்தான் போவீர்கள். நிறுத்தும் பலத்தில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது. அதைக் கண்டு பயந்து பின் பிரேக்கை மட்டும் பிடிப்பது புதியவர் வழக்கம், சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

வேகத்தில் ஹேண்டில்பார் கடகடவென்று ஆடத் தொடங்கினால் கைகளை இறுக்காதீர்கள். ஒரு முழங்காலை மேல் ஃபிரேம் குழாயோடு அழுத்தி, பிரேக்கை மெல்லப் பிடியுங்கள். ஆட்டம் அடங்கும்.

ஏரிக்கரையில்

கரைச்சாலை சமமாக இருக்கும், அதனால் வேகம் கூட்டத் தோன்றும். ஆனால் திறந்த நீர்ப்பரப்பில் காற்றைத் தடுக்க எதுவுமில்லை. வெயில் நாட்களில் நிலம் நீரைவிட வேகமாகச் சூடாவதால், பெரிய ஏரிகளில் பிற்பகலில் ஏரியிலிருந்து கரைநோக்கிக் காற்று வீசும். மரவரிசை முடிந்து அணைக்கரை தொடங்கும் இடத்தில் பக்கக்காற்று சட்டென்று அறையும். அதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து, சாலை விளிம்பிலிருந்து ஒரு மீட்டர் உள்ளே வந்துவிடுங்கள். ஆழமான ரிம் சக்கரம் இந்தப் பாதைக்கு ஆகாது. நிழல் விழும் கரைகளில் காலையில் பாசியும் ஈர இலையும் இருக்கும், அங்கே பிரேக்கும் திருப்பமும் வேண்டாம். பூச்சிகளுக்காக நிறமற்ற கண்ணாடி அணியுங்கள்.

இடிபாடுகளில்

வாசலுக்கு நூறு மீட்டர் முன்பே எளிய கியருக்கு வந்துவிடுங்கள். கடின கியரில் நின்றுவிட்டால் திரும்பப் புறப்படும்போது மேட்டில் தடுமாறுவீர்கள். கல் பாவிய தரையில் வழக்கத்தைவிட ஒரு கியர் கடினமாகப் போட்டு, ஹேண்டில்பாரைத் தளர்வாகப் பிடித்து, சாலையின் நடுமேட்டில் ஓட்டுங்கள். மெதுவாகப் போனால்தான் ஒவ்வொரு கல்லும் உங்களை வேறு பக்கம் தள்ளும்.

காலணி விஷயத்தில் பந்தயப் பாணி வேண்டாம். காலணியைப் பெடலில் மாட்டும் கொக்கியான கிளீட், மூன்று திருகு வகையென்றால் வெளியே துருத்தி நிற்கும், தேய்ந்த படிக்கல்லில் வழுக்கும். இரண்டு திருகுக் கிளீட் காலணியின் அடிக்குள் பதிந்திருப்பதால் நடக்கலாம். சாதாரண பெடலும் சாதாரணக் காலணியும் இருந்தாலும் தப்பில்லை.

பழைய சுவரில் சைக்கிளைச் சாய்க்காதீர்கள். பெடல்முனை சுண்ணாம்புப் பூச்சைப் பெயர்த்துவிடும், கல்வெட்டு எழுத்து சிதையும். மண்மேடாகத் தெரிவது பழைய அரணாக இருக்கலாம், அதன்மேல் ஓட்டினால் தடம் பதிந்து மழையில் அரிக்கும். ஃபிரேமையும் பின்சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டி, நிறுத்தும் இடத்திலேயே விடுங்கள். உள்ளே அரை மணி நேரத்துக்கு மேல் சுற்றினால் கால் ஆறிவிடும், புறப்பட்டபின் பத்து நிமிடம் எளிய கியரிலேயே போங்கள்.

தண்ணீரும் உணவும்

மணிக்கு 500 முதல் 750 மி.லி. தண்ணீர். வெயிலில் சிட்டிகை உப்பு சேருங்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து தேவை. ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் சுமார் 27 கிராம் இருக்கிறது. பசித்தபின் தின்றால் தாமதம். முதல் அரை மணியிலேயே தொடங்கி, மேட்டில் அல்லாமல் சமதளத்தில் சாப்பிடுங்கள். ஏரித் தண்ணீரைப் பாட்டிலில் பிடிக்காதீர்கள், எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும்.

பஞ்சர் ஆனால்

ட்யூபை மாற்றுமுன் ஓட்டையைப் படியுங்கள். பாம்பு கடித்ததுபோல் அருகருகே இரண்டு துளை என்றால் காற்று குறைவு, கல்விளிம்பில் ட்யூப் நசுங்கியிருக்கிறது. வெளிப்பக்கம் ஒரே துளை என்றால் முள் அல்லது கண்ணாடித் துண்டு. ரிம் பக்கம் துளை என்றால் ரிம் பட்டை விலகியிருக்கிறது. இரண்டாவது வகையில் டயரின் உள்ளே விரலை மெல்ல ஓட்டி, குத்திய பொருளைக் கண்டெடுத்தால் ஒழிய புது ட்யூபும் ஐந்து நிமிடத்தில் போய்விடும். புது ட்யூபில் கொஞ்சம் காற்று ஏற்றி உருண்டையாக்கியபின் உள்ளே வையுங்கள். டயரின் கடைசிப் பகுதியை நெம்பியால் அல்ல, கட்டைவிரலால் ஏற்றுங்கள். நெம்பி ட்யூபைக் கிள்ளிவிடும். முழுக் காற்றடிக்கும் முன் இருபுறமும் ட்யூப் எட்டிப் பார்க்கிறதா என்று ஒரு சுற்று பாருங்கள்.

திரும்பி வந்தபின்

சரளையில் ஓட்டிய டயரில் சிறு கண்ணாடித் துண்டுகள் ஒட்டியிருக்கும், இன்று உள்ளே போகாதது அடுத்த முறை போகும். காற்றை இறக்கி, டயரைச் சுற்றிலும் பார்த்து ஊசியால் எடுத்துவிடுங்கள். செயினைத் துணியால் துடைத்து, கண்ணிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, சில நிமிடம் கழித்து வெளியே நிற்கும் மிச்சத்தையும் துடையுங்கள். வெளியே எண்ணெய் நின்றால் மண் ஒட்டிக் கேசட்டை அரைக்கும்.