மறுபடி நிறுவிய போஸ்ட்கிரெஸுக்கு வெளியிலிருந்து இணைப்பது: என் அனுபவம்

டெபியன் லினக்ஸ் சர்வரில் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளை அழித்து மறுபடி நிறுவினேன். அழிக்கும் முன் பிஜி_டம்ப்ஆல் கட்டளை கொண்டு பேக்கப் எடுத்தேன். வெறும் பிஜி_டம்ப் என்றால் யூசர்களும் பாஸ்வேர்டுகளும் வராது.

நிறுவல் சுலபம். சர்வருக்குள் உடனே வேலை செய்தது; பக்கத்துக் கணினியிலிருந்து 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு'. காரணம், எந்த முகவரிகளில் இணைப்பை ஏற்பது என்று சொல்லும் லிசன்_அட்ரஸஸ் அமைப்பு இயல்பாக லோக்கல்ஹோஸ்ட் (அதாவது அதே கணினி) மட்டும்தான். போஸ்ட்கிரெஸ்கியூஎல்.கான்ஃப் கோப்பில் சர்வரின் உள் ஐபியையும் சேர்த்தேன். இதற்கு ரீலோட் (அமைப்புகளை மட்டும் மறுபடி படிக்க வைப்பது) பத்தாது, போஸ்ட்கிரெஸை ரீஸ்டார்ட்டே செய்ய வேண்டும். பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான்.

அடுத்து, யார் எங்கிருந்து இணையலாம் என்று சொல்லும் பிஜி_எச்பிஏ.கான்ஃப் கோப்பில் எனக்கான வரி இல்லை என்ற பிழை வந்தது. நல்ல அறிகுறி, சர்வர் வரை போய்விட்டோம் என்று பொருள். அதில் சேர்த்த வரி:

ஹோஸ்ட் கணக்கு கணக்கர் 192.168.1.0/24 ஸ்க்ராம்-ஷா-256

இதில் 'கணக்கு' என் டேட்டாபேஸின் பெயர், 'கணக்கர்' யூசரின் பெயர்; அடுத்தது அனுமதிக்கும் ஐபி வரம்பு, கடைசியில் பாஸ்வேர்டு சரிபார்க்கும் முறை. இதற்கு ரீலோட் போதும். பிழையே வராமல் டைம் அவுட் ஆனால் ஃபயர்வாலில் போஸ்ட்கிரெஸின் போர்ட்டான 5432-ஐப் பாருங்கள். பழைய பதிப்பின் கிளஸ்டர் (அதன் டேட்டாபேஸ்களின் தொகுப்பு) அழியாமல் இருந்தால் டெபியன் புதியதற்கு 5433 கொடுத்துவிடும். பிஜி_எல்எஸ்கிளஸ்டர்ஸ் கட்டளை அதைக் காட்டும்.

வீட்டிலிருந்து இணைய 5432-ஐ இணையத்துக்குத் தயவுசெய்து திறக்காதீர்கள். எஸ்எஸ்எச் -எல் 6543:லோக்கல்ஹோஸ்ட்:5432 யூசர்@சர்வர் என்று டனல் (சர்வர் வரை மறையாக்கிய பாதை) போட்டு, உங்கள் கணினியின் 6543-இல் இணையுங்கள். டனல் மட்டும் போதுமென்றால் லிசன்_அட்ரஸஸைத் தொடவே வேண்டாம்.