பெர்த்–லண்டன்: விமான தூரத்தையும் பயண நேரத்தையும் நாமே கணக்கிடுவது எப்படி?

ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்துக்கு குவாண்டாஸ் விமான நிறுவனம் 2018 மார்ச்சில் நேரடி விமானம் விட்டது. எங்கும் இறங்காமல் ஆஸ்திரேலியாவையும் ஐரோப்பாவையும் இணைத்த முதல் பயணிகள் சேவை அதுதான். அந்தத் தடத்தையே எடுத்துக்கொள்வோம். சயின்டிஃபிக் கால்குலேட்டர் ஒன்று போதும், போனில் இருப்பதே சரி.

படி 1: இடத்தைக் குறியுங்கள். கூகுள் மேப்ஸில் விமான நிலையத்தை அழுத்திப் பிடித்தால் அட்சரேகையும் தீர்க்கரேகையும் வரும். பெர்த் −31.94, 115.97. ஹீத்ரோ 51.47, −0.45. தெற்கும் மேற்கும் மைனஸ். புதிதாகப் போடுபவர்கள் தவறவிடுவது இந்த மைனஸைத்தான், கவனம்.

படி 2: தூரம். தட்டையான வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளக்க வேண்டாம். பூமி உருண்டை, அதனால் மிகக் குறுகிய வழி அந்த வரைபடத்தில் வளைவாகத்தான் தெரியும். கால்குலேட்டரை டிகிரியில் வைத்துக்கொண்டு, இரண்டு அட்சரேகைகளின் சைன்களைப் (sin பொத்தான்) பெருக்குங்கள்: −0.4138. அப்புறம் அவற்றின் காஸ்களைப் (cos பொத்தான்) பெருக்கி, தீர்க்கரேகை வித்தியாசமான 116.42-இன் காஸாலும் பெருக்குங்கள்: −0.2352. இரண்டையும் கூட்டினால் −0.649. இதற்கு காஸ் இன்வர்ஸ் (cos⁻¹ பொத்தான்) போட்டால் 130.47 டிகிரி. ஒரு டிகிரிக்கு 111.2 கி.மீ. என்று பெருக்கினால் ஏறக்குறைய 14,500 கி.மீ. கிடைத்துவிட்டது.

படி 3: நேரம். இந்தத் தடத்தில் பறக்கும் போயிங் 787-9 உயரே மணிக்குச் சுமார் 900 கி.மீ. போகும். வகுத்தால் 16 மணி நேரம் சொச்சம். ஓடுபாதைக்குப் போவது, விமானம் மேலேறுவது, தரையிறங்குவது எல்லாம் சேர்த்து அரை மணி முதல் முக்கால் மணி வரை கூட்டுங்கள்.

ஆனால் இத்தோடு நிறுத்தினால் விடை பாதிதான். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். சேவை தொடங்கியபோது லண்டன் போக 17 மணி 20 நிமிடம், பெர்த் திரும்ப 16 மணி 45 நிமிடம் என்று அட்டவணை போட்டிருந்தார்கள். தூரம் ஒன்றே, நேரம் வேறு. 2024 ஏப்ரலில் ஈரான் வான்வெளியைத் தவிர்க்க வேண்டி வந்தபோது, லண்டன் போகும் விமானம் சிங்கப்பூரில் இறங்கி எரிபொருள் நிரப்பியது. திரும்பும் விமானமோ காற்றின் துணையால் நேரடியாகவே வந்தது. எனவே கணக்கிட்ட தூரத்தைக் குறைந்தபட்சம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். போரும் மூடிய வான்வெளியும் வழியை நீட்டிவிடும்.

படி 4: உள்ளூர் நேரம். பெர்த்தில் மாலை 6:45-க்குக் கிளம்பி 17 மணி 20 நிமிடம் பறந்தால், பெர்த் கடிகாரப்படி மறுநாள் பகல் 12:05. லண்டனில் கோடை நேரம் என்றால் 7 மணி நேரம் கழியுங்கள்: விடிகாலை 5:05. குளிர்காலத்தில் 8 மணி நேரம் கழிக்க வேண்டும்.